அறிவைக் கைமாற்றுதல்: ஆய்வுக்கூடம் முதல் ஆலை வரை

அரசு ஆய்வுக்கூடங்களில் உருவாகும் செய்முறைகளைத் தொழில் நிறுவனங்களுக்கு உரிமம் செய்து கொடுக்கும் பொருட்டு, தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு நிறுவப்பட்டு அப்போது பதினோராண்டுகள் கடந்திருந்தன. ஆய்வுக்கூடம் அமைப்பது ஒரு பணி, அங்குக் கண்டறிந்ததை விற்பனைச் சரக்காக்குவது மற்றொரு பணி என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகவே இக்கழகத்தின் தோற்றத்தைக் கொள்ள வேண்டும். இவ்விரண்டாவது பணி எவ்வளவு கடினமானது என்பதும், அது எங்கெங்கே கைகூடிற்று, எங்கெங்கே தடைப்பட்டது என்பதும் கடந்த எழுபதாண்டு வரலாற்றிலிருந்து தெளிவாகின்றன.

சரக்கின் இயல்பு

நெல், இரும்பு, துணி ஆகிய சரக்குகளை வாங்குவோர் முதலில் பார்த்துச் சோதித்து, பின்னரே விலை பேசுவர். அறிவு அத்தகையதன்று. ஒரு செய்முறையின் மதிப்பை அறிய வேண்டுமானால் வாங்குவோர் அதனை முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பின்னரோ விலை கொடுக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாது போகிறது. பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் எடுத்துக்காட்டிய இம்முரண்பாடு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அறிவை ஒருவர் பயன்படுத்துவதால் அது மற்றவருக்குக் குறைந்துவிடுவதில்லை என்பதும் இதன் தனித்தன்மையாகும். சமுதாய நோக்கில், உருவான அறிவு இயன்றவரை பரவுவதே நன்று. ஆனால் அது தடையின்றிப் பரவுமாயின் அதனை உருவாக்கச் செலவிட்டவருக்கு ஈடு கிடைப்பதில்லை. காப்புரிமைச் சட்டம், வணிக இரகசியம், உரிம ஒப்பந்தம், உரிமத்தொகை ஆகிய ஏற்பாடுகள் அனைத்தும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே சமரசம் காணும் முயற்சிகளே.

ஏட்டளவிலான இந்த ஆராய்ச்சி ஓர் உண்மையைப் போதிய அளவு கருத்திற் கொள்வதில்லை. ஒரு நிறுவனம் அறிந்துள்ளவற்றுள் காகிதத்தில் எழுதக்கூடியது ஒரு பகுதி மட்டுமே. வேதியியலராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலானி 1950-களிலும் 1960-களிலும் எழுதிய நூல்களில், செய்ய வருவது வேறு, சொல்ல வருவது வேறு என்பதை விரிவாக விளக்கினார். உலோகத்தை வார்க்கும் தொழிலாளிக்குத் தெரிந்த பதமும், நொதிக்கலனின் நுரையைக் கண்டே ஏதோ பிழை நேர்ந்துள்ளது என உணரும் மேற்பார்வையாளரின் அனுபவமும் எந்தக் கையேட்டிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை. அறிவைக் கைமாற்றும் ஒப்பந்தங்களின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த எழுதப்படாத பகுதியைப் பொறுத்தே அமைந்துள்ளது.

துர்காபூரிலிருந்து மொகாலிக்கு

இதற்கு ஸ்வராஜ் உழவு இயந்திரத்தின் வரலாற்றைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இந்தியத் தொழில்துறையில் அரிது. மன் மோகன் சூரியின் தலைமையில் இயங்கிவந்த துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், 1965-ஆம் ஆண்டை ஒட்டி, 20 குதிரைத்திறன் அளவிலான டிராக்டர் ஒன்றை இந்நாட்டிலேயே வடிவமைக்கும் பணியை மேற்கொண்டது. உயர்விளைச்சல் விதைகள் பரவத் தொடங்கி, வட மாநிலங்களில் டிராக்டருக்கான தேவை வேகமாகப் பெருகிவந்த காலம் அது. வெளிநாட்டு வடிவமைப்பை விலைக்கு வாங்குவதா, உள்நாட்டு வடிவமைப்பை வளர்த்தெடுப்பதா என்ற வினா எழுந்தபோது, மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. செக்கோசுலோவாக்கியாவின் ஜெட்டர் டிராக்டரைத் தேர்ந்துகொண்டு, பிஞ்சோரில் 1971-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. முன்னரே ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை விட்டு, வரைபடமாகவும் சில முன்மாதிரிகளாகவும் மட்டுமே இருப்பதை நம்பி முதலீடு செய்யப் பொதுப்பணத்தின் பொறுப்பாளர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

துர்காபூர் வடிவமைப்பை ஏற்க முன்வந்தது பஞ்சாப் மாநில அரசு. மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால் 1970-இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் உருவாயிற்று. இங்கு நிகழ்ந்த ஏற்பாடே கவனத்துக்குரியது. வரைபடங்கள் மட்டும் மொகாலிக்கு வரவில்லை. அவற்றை வரைந்த பொறியாளர்களும் வந்தனர். சந்திர மோகன் தலைமையில் துர்காபூரில் அவ்வியந்திரத்தை உருவாக்கிய குழுவினரே புதிய ஆலையின் பொறுப்பையும் ஏற்றனர். எந்தப் பற்சக்கரம் முன்மாதிரியில் உடைந்தது, எந்த வடிவம் கைவிடப்பட்டது, ஏன் கைவிடப்பட்டது என்பனவெல்லாம் அவர்களுடன் வந்தன. கைவிடப்பட்ட வடிவங்களைப் பற்றிய அறிவு எந்த உரிம ஒப்பந்தத்தின் அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் புதிய ஆலை முதற்சில ஆண்டுகளில் செய்யக்கூடிய பிழைகளுள் பாதியைத் தவிர்ப்பது அதுவே. 1974-இல் ஸ்வராஜ் 724 விற்பனைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து அதிகத் திறன் கொண்ட டிராக்டர்களையும், 1980-இல் தானே இயங்கும் கதிரறுவடை இயந்திரத்தையும் அந்நிறுவனம் உருவாக்கிற்று. வடிவமைப்பை உருவாக்கும் ஆற்றலையே பெற்றிருந்தமையால் அடுத்த வடிவமைப்புக்கு அது பிறரை நாட வேண்டியிருக்கவில்லை. 2007-இல் அந்நிறுவனம் மகிந்திரா குழுமத்தின் கைக்கு மாறியது. ஸ்வராஜ் என்ற பெயர் இன்றும் வயல்களில் வழங்கிவருகிறது. பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூடுவதென மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவு செய்தது. இரு ஆலைகளின் போக்கும் வேறுபட்டதற்கு நிர்வாகம், நிதி முதலிய காரணங்கள் பலவுண்டு. தொழில்நுட்பத்தின் பிறப்பிடம் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது.

வாங்குவோரின் ஆற்றல்

அறிவை விற்போரின் திறமையைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. வாங்குவோரிடமும் ஓரளவு அறிவு முன்னரே இருந்தாலன்றி மாற்றம் நிகழாது. கோகன், லெவிந்தால் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் இதனை உட்கொள்ளும் ஆற்றல் என்று பெயரிட்டு விளக்கினர். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே கயிரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இதனை நடைமுறையில் மெய்ப்பித்திருந்தது. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி. அதன் தயிர்க்கட்டியும் கடினமானது. ஆகவே குழந்தை உணவுக்கு அது ஏற்றதன்று என்பது மேலைநாடுகளில் நிலவிய கருத்து. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் செய்முறையை உருவாக்க, ஆனந்தில் அமுல் அதனைச் சரக்காக்கிற்று. பொறியாளர் எச்.எம். தலாயாவின் முயற்சியால் 1955-லேயே எருமைப் பாலைத் தெளித்துலர்த்தித் தூளாக்கும் ஆலை ஆனந்தில் இயங்கத் தொடங்கியிருந்தது. மைசூரின் செய்முறையைப் படித்துப் பார்த்து, இது எங்கள் கோபுரத்தில் இயலும், இது இயலாது என்று சொல்லத்தக்கவர்கள் ஆனந்தில் இருந்தனர். உட்கொள்ளும் ஆற்றல் என்பது இதுவே.

இத்தகைய ஆற்றல் இல்லாத நிறுவனத்துக்கு மிகச் சிறந்த செய்முறையும் பயன்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டர் குடுவையில் வெற்றி பெற்ற வினை ஆயிரம் லிட்டர் கலனில் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றிக் கெட்டுப்போவது வேதியியல் தொழிலில் அன்றாட அனுபவம். இவ்விடைவெளியை நிரப்புவது மாதிரி ஆலையும் பொறியியல் வடிவமைப்பும் ஆகும். பெக்டெல் நிறுவனத்தின் பங்கேற்புடன் 1965-இல் அமைக்கப்பட்டு, பின்னர் முற்றிலும் அரசுடைமையான எஞ்சினியர்ஸ் இந்தியா நிறுவனம், எண்ணெய்ச் சுத்திகரிப்புத் துறையில் ஆய்வுக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட இப்பணியையே தன் தொழிலாகக் கொண்டது. அதன் முதலீடு பெரும்பாலும் பொறியாளர்களின் அனுபவமே.

மறைத்தலும் வெளியிடுதலும்

ஒரு நிறுவனம் தான் அறிந்ததைப் பாதுகாக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, அதனை வெளியிட்டுக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை பெறுதல். மற்றொன்று, எவருக்கும் சொல்லாதிருத்தல். இரண்டாவது வழிக்குப் பெயர்பெற்றது கோக்க கோலா. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பங்குகளைக் குறைத்துக்கொள்வதுடன் செய்முறையையும் இந்திய நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும் என அரசு வற்புறுத்தியபோது, அந்நிறுவனம் 1977-இல் நாட்டை விட்டு வெளியேறுவதையே தேர்ந்துகொண்டது. அதற்கு மாற்றாக மைசூர் நிலையம் உருவாக்கிய 77 என்ற பானத்தை, பொதுத்துறையைச் சார்ந்த மாடர்ன் நிறுவனம் தயாரித்து விற்றது. அப்பானம் நிலைபெறவில்லை, கோக்க கோலா 1993-இல் திரும்பி வந்தது. பானத்தின் கூட்டுப்பொருள்களை ஆய்ந்து ஏறத்தாழ ஒத்த சுவையை உண்டாக்குவது வேதியியலருக்கு இயலாததன்று. வணிகப் பெயரையும் விற்பனை அமைப்பையும் பகுத்தாய ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை.

முதல் வழியான காப்புரிமையில், சமுதாயம் தனியுரிமை கொடுத்து அறிவிப்பைப் பெறுகிறது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, விண்ணப்பதாரர் தமக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையை விவரிக்க வேண்டும் என்கிறது. நீதியரசர் இராஜகோபால ஐயங்காரின் 1959-ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி அமைந்த அச்சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருந்துக்கும் உணவுக்கும் பொருட்காப்புரிமை இல்லை; செய்முறைக்கு மட்டுமே உரிமை உண்டு. அதுவும் உரிமம் முத்திரையிடப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகள் அல்லது காப்புரிமை நாளிலிருந்து ஏழாண்டுகள், இவற்றுள் குறைந்த காலத்துக்கே செல்லும். ஒரே மருந்தை வேறொரு வழியில் உண்டாக்குபவரை எவரும் தடுக்க இயலாது என்பது இதன் விளைவு. இந்திய வேதியியலர்கள் வேறு வழி காண்பதையே தமது கலையாக்கிக் கொண்டனர்.

சட்டம் வாய்ப்பை மட்டுமே தந்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தத் தக்க மனிதர்களை உருவாக்கியவற்றுள் பொதுத்துறை ஆலைகளுக்குச் சிறப்பிடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் பிம்ப்ரியில் 1954-இல் அமைந்த இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ், சோவியத் உதவியுடன் 1961-இல் தோன்றிய ஐ.டி.பி.எல். ஆகியவை பிற்காலத்தில் நலிவுற்றன. கணக்குப் புத்தகத்தில் அவை இழப்பே. ஆயினும் ஐதராபாதிலுள்ள ஐ.டி.பி.எல். செயற்கை மருந்து ஆலையில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி போன்றோர் பின்னர்த் தாமே நிறுவனங்களைத் தோற்றுவித்தனர். அவரது டாக்டர் ரெட்டீஸ் 1984-இல் தொடங்கப்பட்டது. ஐதராபாத் நகரம் இன்று மொத்த மருந்து உற்பத்தியின் மையமாகத் திகழ்வதற்கு இவ்வாறு வெளியேறிய அறிவு ஒரு முக்கியக் காரணம். எந்த உரிமத்தொகையும் செலுத்தப்படாமல், எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாமல் நிகழ்ந்த தொழில்நுட்ப மாற்றம் இது.

இதற்கு இந்தியச் சட்டமும் துணை நிற்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆகவே பணியிலிருந்து விலகிய பொறியாளர் போட்டி நிறுவனத்தில் சேர்வதை நீதிமன்றங்கள் பொதுவாகத் தடுப்பதில்லை; இரகசிய ஆவணங்களை எடுத்துச் செல்வதையே தடுக்கின்றன. வணிக இரகசியங்களுக்குத் தனிச் சட்டம் தேவை என 22-ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச் மாதம் தனது 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்துள்ளது. அத்தகைய சட்டம் இயற்றப்படுமாயின், ஆவணத்துக்கும் ஆளின் அனுபவத்துக்கும் இடையே அது எங்கே கோடு கிழிக்கிறது என்பதே முக்கியமாகும். கோடு சற்று அகலமாக விழுந்தால் ஐதராபாதில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ வழியிராது.

ஐதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையத்தில் உருவான செய்முறையைக் கொண்டு சிப்லா நிறுவனம் 1993-இல் எயிட்ஸ் நோய்க்கான சிடோவுடின் மருந்தை வெளியிட்டது. அதே நிறுவனம் 2001-இல் மும்மருந்துக் கூட்டுச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலர் விலையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அளிக்க முன்வந்தபோது, செல்வ நாடுகளில் அதன் செலவு 10,000 டாலருக்கு மேல் இருந்தது. உலக வர்த்தக உடன்படிக்கைக்கேற்ப 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவிலும் பொருட்காப்புரிமை நடைமுறைக்கு வந்துவிட்டமையால், புதிய மருந்துகளில் இவ்வழி பெரிதும் அடைபட்டுள்ளது. இனி மருந்து நிறுவனங்கள் தாமே புதியன காண வேண்டும், அல்லது பொது ஆய்வுக்கூடங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

ஒருவருக்கா, பலருக்கா?

அத்தகைய ஒப்பந்தங்களில் முதலில் எழும் வினா, உரிமத்தை ஒருவருக்கு மட்டும் அளிப்பதா, கேட்போர் அனைவருக்கும் அளிப்பதா என்பது. பொதுப்பணத்தால் உருவானது பலருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் பத்துப் பேருக்குக் கிடைக்கும் செய்முறைக்காகப் பெருமுதல் செலவிட்டுச் சந்தையை உருவாக்க ஒருவரும் முன்வராமற் போவதுண்டு. இது சரக்கைப் பொறுத்தே தீர்மானிக்கப்பட வேண்டியது.

பலருக்கு வழங்கும் முறை பெருமளவில் வெற்றி பெற்ற இடம் தொலைபேசித் துறை. சாம் பிட்ரோடாவின் முனைப்பால் 1984 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சி-டாட் மையத்துக்கு அளிக்கப்பட்ட கெடு 36 மாதங்கள். ஒதுக்கப்பட்ட தொகை ரூ.36 கோடி. மங்காபூர் ஆலை பிரெஞ்சு நாட்டு அல்காட்டெல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பெருநகர இணைப்பகங்களைத் தயாரிக்க முற்பட்டிருந்த வேளையில், சி-டாட் பொறியாளர்கள் குளிரூட்டும் வசதியில்லாத கட்டிடத்தில், வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கும் சிறிய கிராம இணைப்பகத்தை வடிவமைத்தனர். அதன் முதல் இணைப்பகம் 1986-இல் கர்நாடக மாநிலம் கித்தூரில் இயங்கத் தொடங்கிற்று. சி-டாட் தானே ஆலை நடத்தவில்லை. பொதுத்துறை, தனியார்துறை நிறுவனங்கள் பலவற்றுக்கும் அது வடிவமைப்பை வழங்கியது. வரைபடத்துடன் உதிரிப்பாகப் பட்டியல், சோதனைக் கருவிகள், பணியாளர் பயிற்சி ஆகியனவும் சேர்ந்தே சென்றன. எழுதப்படாத பகுதியை இயன்றவரை எழுதிக் கொடுக்கவும், எஞ்சியதைப் பயிற்சியால் நிரப்பவும் செய்யப்பட்ட முயற்சி அது.

பலர் உற்பத்தி செய்ததால் விலை குறைந்தது. கிராமங்களுக்குத் தொலைபேசி சென்றது. மறுபக்கமும் உண்டு. வாங்குவோர் தொலைத்தொடர்புத் துறை ஒன்றே, விற்போர் பலர், எல்லோரிடமும் இருந்தது ஒரே வடிவமைப்பு. இந்நிலையில் எந்த நிறுவனத்துக்கும் தன் சொந்த ஆராய்ச்சியில் முதலிடும் ஊக்கம் இருந்திருக்க முடியாது. 1990-களில் பன்னாட்டு நிறுவனங்கள் சந்தைக்கு வந்தபோது, பாகங்களைப் பூட்டிக் கொடுப்பதோடு நின்றுவிட்டவர்கள் தாக்குப்பிடிக்க இயலவில்லை. சி-டாட்டில் பயின்ற பொறியாளர்களோ பெங்களூரிலும் டில்லியிலும் தொலைத்தொடர்பு மென்பொருள் நிறுவனங்களில் எளிதாக இடம்பெற்றனர்.

ஒருவருக்கே வழங்கும் முறைக்கு ரோட்டா வைரஸ் தடுப்பூசி எடுத்துக்காட்டாகும். 116இ எனப்படும் கிருமி வகை 1980-களின் நடுவில் டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தில் பச்சிளங்குழந்தைகளிடமிருந்து மருத்துவர் எம்.கே. பான் உள்ளிட்டோரால் பிரித்தெடுக்கப்பட்டது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளிநாட்டு அமைப்புகளும் துணைநிற்க, பாரத் பயோடெக் நிறுவனம் அதனைத் தடுப்பூசியாக வளர்த்தெடுத்தது. சோதனை முடிவுகள் 2013-இல் வெளியாயின; 2015 மார்ச்சில் தடுப்பூசி அறிமுகமாயிற்று; 2016 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. கண்டறிந்ததற்கும் குழந்தைகளைச் சென்றடைந்ததற்கும் இடையே முப்பதாண்டுகள். இவ்வளவு நீண்ட சோதனைச் செலவை, பலருக்கும் பொதுவான உரிமத்தை நம்பி ஒரு நிறுவனம் ஏற்றிருக்காது. அதற்கு ஈடாக, பொதுத்துறை வாங்குதலுக்கு ஒரு தவணை மருந்தின் விலை ஒரு டாலர் என்ற உறுதி முன்னதாகவே பெறப்பட்டிருந்தது. உரிமத்தொகை எத்தனை விழுக்காடு என்ற பேரத்தில் அரசு ஈட்டக்கூடியதைவிட இவ்விலை உறுதியால் மக்கள் பெற்ற பயன் பெரிதாகவே இருக்கும். உரிமத்தொகையைக் கூட்டினால் அது மருந்தின் விலையில் சேர்ந்து, இறுதியில் அதே அரசின் கொள்முதற் செலவாகத் திரும்பி வருவது எளிதில் மறக்கப்படுகிறது.

கோவாக்சின் தடுப்பூசியில் இப்பிரச்சினைகள் அனைத்தும் ஒரே இடத்தில் வந்து கூடின. புணே தேசிய நச்சுயிரியல் நிலையம் பிரித்தெடுத்த கிருமியைக் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் பாரத் பயோடெக்கும் இணைந்து 2020-இல் அதனை உருவாக்கின. 2021-இல் தட்டுப்பாடு கடுமையானபோது, ஐதராபாதின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ், புலந்த்சகரின் பிப்கால், மும்பையின் ஹாப்கின் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கும் செய்முறையைப் பகிர்ந்தளிக்க ஏற்பாடாயிற்று. ஆவணம் சில வாரங்களில் கைமாறக்கூடியது. உயிருள்ள கிருமியைப் பெருமளவில் வளர்ப்பதற்கு வேண்டிய மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்புக் கூடமோ, அதில் பழகிய பணியாளரோ அவ்வாறு கைமாறக்கூடியவை அல்ல.

அத்தடுப்பூசிக்கான காப்புரிமை விண்ணப்பத்தில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெயர் இடம்பெறவில்லை என்பது 2024 ஜூன் மாதம் பொது விவாதத்துக்கு வந்தது. அது தவறுதலாக நேர்ந்தது எனத் தெரிவித்த நிறுவனம், குழுவை இணை விண்ணப்பதாரராகச் சேர்க்க நடவடிக்கை மேற்கொண்டது. இதனை வெறும் மரியாதைப் பிரச்சினையாகக் கருதுதல் தவறாகும். காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, உடன்பாடு வேறாக இல்லாத வரையில், இணை உரிமையாளர்களுள் ஒருவர் மற்றவரின் ஒப்புதலின்றிப் பிறருக்கு உரிமம் வழங்கவோ, தம் பங்கை மாற்றிக்கொடுக்கவோ இயலாது. மற்றொரு தொற்றுக்காலத்தில் அச்செய்முறை வேறொரு நாட்டுக்கோ நிறுவனத்துக்கோ தேவைப்படுமாயின், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை விண்ணப்பப் படிவத்தில் உள்ள அப்பெயர்களே தீர்மானிக்கும்.